சாம்பலின் சுவர்ப் பக்கம்

பத்து மணிக்கு லாரி வரும். அதில் சாம்பலை ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

சாம்பல் ஒரு பெண் குதிரை. சாலை இல்லாத மேட்டு வீடுகளுக்கு அம்மா அதன் மேல் ஏறித்தான் மருந்து கொண்டுபோவாள். முந்தாநாள் அது அம்மாவைக் கீழே தள்ளிவிட்டது. கை முறிந்து, தோள்வரை மாவுக்கட்டு.

சேணம் போடப் போனாலே கடிக்க வந்த குதிரை இப்போது தள்ளவும் பழகிவிட்டது, இனி வீட்டில் வைத்திருக்க முடியாது என்று மாமா முடிவு செய்துவிட்டார். அது எங்கே போகும் என்று மகள் துருவி கேட்டாள். எப்போதும் வாய் ஓயாத மாமா, வேறெங்கோ பார்த்தார். துருவிக்குப் பத்து வயது. போனால் திரும்பாத இடம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வந்த பெயர் அது. அன்று மேற்கொண்டு எதுவும் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனாள். சாம்பலைத் தேய்த்துவிடுவது அவள் வேலை. லாயம் குறுகல். குதிரையின் வலப்பக்கம் சுவரை ஒட்டியே இருக்கும். சேணம் போடுவதும் ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கம்தான். துருவியும் இடப்பக்கத்தைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, சுவர்ப் பக்கத்தை நாளைக்கு என்று தள்ளிவைப்பாள். இனி நாளை கிடையாது.

சாம்பலை மெல்ல முற்றத்துக்கு நடத்தி வந்து வலப்பக்கம் போனாள். பிரஷ் முன்னங்காலை நெருங்கியதும் சாம்பலின் தோல் படபடவென்று நடுங்கியது. காது பின்னால் மடங்கியது. துருவி குனிந்து பார்த்தாள்.

முன்னங்கால் உடம்போடு சேரும் மூட்டுக்குப் பின்னால், தோல் மடங்கும் இடத்தில், பாட்டில் மூடி அளவுக்குப் புண். முடி உதிர்ந்து, சிவந்து, கசிந்துகொண்டிருந்தது.

அவள் சேணம் இருந்த இடத்துக்கு ஓடினாள். சேணம் நகராமலிருக்க, குதிரையின் வயிற்றுக்கு அடியில் ஒரு பட்டையைக் கட்டுவார்கள். பட்டையின் இரண்டு முனையிலும் பக்கிள். சேணத்தின் இருபுறமும் தொங்கும் வார்களில் ஏழேழு துளைகள். துருவி எண்ணினாள். இடப்பக்க பக்கிள் உச்சியில், ஏழாம் துளையில். வலப்பக்கம்? அடியில், முதல் துளையில். அதில் சாம்பல் நிற முடி ஒட்டிக் காய்ந்திருந்தது.

முன்பு இருந்தது பானை வயிற்றுக் குதிரை. அதற்கு இரண்டு பக்கமும் முதல் துளையே போதும். சாம்பல் ஒல்லி. தளர்ந்த பட்டையை மாமா இடப்பக்கத்தில் மட்டுமே ஏற்றி ஏற்றி இறுக்கியிருக்கிறார். வலப்பக்க பக்கிள் இருந்த இடத்திலேயே, காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் உரசும் இடத்திலேயே, கிடந்திருக்கிறது.

தெருவில் லாரி வந்து நின்றது.

மாமாவை இழுத்து வந்து காட்டினாள். அவர் புண்ணைப் பார்த்தார், பக்கிளைப் பார்த்தார்.

"தினமும் நான்தானே இறுக்கினேன்" என்றார்.

"நான் இந்தப் பக்கம் தேய்க்கவே இல்லை மாமா. தேய்ச்சிருந்தா அன்னைக்கே பார்த்திருப்பேன். அம்மா விழுந்திருக்க மாட்டாங்க."

ஜன்னலோரம் நின்ற அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டை மார்போடு பிடித்தபடி வெளியே வந்து, நல்ல கையால் சாம்பலின் நெற்றியைத் தொட்டாள்.

"இவ்வளவு நாளும் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு" என்றாள். "நமக்குத்தான் கேக்கலை."

மாமா லாரிக்காரரிடம் போனார். "குதிரை வரலைப்பா. யாரையாவது ஏத்தித்தான் ஆகணும்னா என்னை ஏத்திக்கோ."

லாரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது."

லாரி காலியாகத் திரும்பியது.

புண் ஆற ஐந்து வாரம் ஆனது. அதுவரை சாம்பலின் முதுகில் சேணம் ஏறவில்லை. மருந்துப் பையை மாமா தன் தோளில் சுமந்து மேடேறினார். அம்மாவின் கட்டைப் பிரித்த பிறகும் கை முழுதாக நிமிரவில்லை.

சேணம் போடும் நாளில், துருவி இடப்பக்க வாரின் நான்காம் துளையிலிருந்து வயிற்றுக்கு அடியில் கயிற்றை விட்டு, வலப்பக்க நான்காம் துளைவரை அளந்தாள். அதே நீளத்தில், அகலமாக, உள்பக்கம் கம்பளி வைத்த பட்டையை மாமா வாங்கி வந்தார். கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தார். மடிந்த தோல் விரிவதற்காக, சாம்பலின் முன்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி முன்னால் நீட்டிவிட்டார்.

சாம்பல் கடிக்கத் திரும்பவில்லை.

"அவ்வளவுதானே? ஏறட்டுமா?" என்றாள் அம்மா.

"இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, துருவி சாம்பலின் வலப்பக்கம் போனாள்.