தேரன்று பிறந்த குதிரைக்குட்டி

முதலியார்பேட்டையில் தேவிப்பிரியாவின் வீட்டில் ஆடு இல்லை, மாடு இல்லை, ஒரு கோழிகூட இல்லை. ஆனால் அவளிடம் பதினேழு குதிரைகள் இருந்தன. நம்பவில்லையா? வெற்றிச்செல்வன் அண்ணனின் பிரவுசிங் சென்டரில் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். எல்லாம் அதற்குள்தான் மேய்ந்துகொண்டிருந்தன.

அது பிரெஞ்சுக்காரர்கள் நடத்தும் இணைய விளையாட்டு. குதிரைக்குத் தீனி போட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், தூங்க வைக்க வேண்டும். பட்டன்கள் எல்லாம் பிரெஞ்சில். ஆறாம் வகுப்புத் தேவிக்குப் பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. அதனால் என்ன? வாளிப் படத்தின் கீழே இருந்தால் தண்ணீர், நிலாப் படத்தின் கீழே இருந்தால் தூக்கம். வாளிக்குப் 'புவார்', நிலாவுக்குத் 'தோர்மீர்' என்று திரையில் வரும் ஒவ்வொரு சொல்லையும் படிக்க மட்டும் வெற்றிச்செல்வன் சொல்லிக் கொடுத்தார்.

அந்த விளையாட்டில் 'ப்ரூமேல்' என்று ஓர் அரிய இனம் உண்டு. புகை நிற உடம்பு, வெள்ளைப் பிடரி. கலப்பே இல்லாத ப்ரூமேல் மொத்த விளையாட்டிலும் ஒன்பதுதான் இருந்தன. பத்தாவது என்னிடம்தான் பிறக்க வேண்டும் என்று தேவி ஒற்றைக்காலில் நின்றாள்.

நல்ல ஜோடி தேடுவது, குட்டி பிறந்தால் வளர்ப்பது, அதற்கும் ஜோடி தேடுவது. இப்படியே நான்கு மாதம், ஆறு தலைமுறை ஓடிவிட்டது. பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு மதிப்பெண் வரும். ஐம்பதில் தொடங்கியவள் மல்லி என்ற பெண்குதிரையில் தொண்ணூற்றெட்டைத் தொட்டுவிட்டாள். மல்லியின் குட்டி நூறு வாங்கினால் அதுதான் பத்தாவது ப்ரூமேல். மல்லிக்கோ வயதாகிவிட்டது. இதுதான் அவளுடைய கடைசிக் குட்டி.

விளையாட்டில் ஒரு கறாரான விதி இருந்தது. குட்டி பிறக்கும் நாளன்று சொந்தக்காரர் உள்ளே வந்து பட்டனை அழுத்த வேண்டும். அன்று வராவிட்டால் குட்டி கிடையாது. அதனால் தேவி நாட்காட்டியைப் பார்த்து, பள்ளிக்கூடம் லீவு விடும் ஒரு வெள்ளிக்கிழமையில் குட்டி பிறக்கும்படி கணக்காக ஏற்பாடு செய்திருந்தாள். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

வியாழன் மாலை வெற்றிச்செல்வன் ஷட்டரை இழுத்துக்கொண்டே, "நாளைக்கு சென்டர் லீவும்மா" என்றார்.

"லீவா? ஏன்ணா?"

"என்னா ஏன்? ஆடி அஞ்சாம் வெள்ளி. வீராம்பட்டினம் தேரு. ஊரே அங்க போவும், நான் மட்டும் இங்க ஈ ஓட்டினு இருக்கவா?"

தேவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கு ஏன் லீவு என்று யோசிக்காமலே நாள் குறித்துவிட்டாளே! தேருக்காகப் பள்ளியை மூடினால் கடைகளையும்தானே மூடுவார்கள்?

"அஞ்சே நிமிஷம் திறங்கண்ணா."

"காலையில அஞ்சு மணிக்கே குடும்பத்தோட கெளம்பிடுவேன். சனிக்கிழமை வா."

சனிக்கிழமை வந்து என்ன செய்ய? அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

மறுநாள் காலை அம்மா வரலட்சுமியுடன் தேருக்குப் புறப்பட்டபோது, வழியிலிருந்த எல்லா பிரவுசிங் சென்டர்களையும் தேவி எட்டிப் பார்த்தாள். எல்லாம் பூட்டிக் கிடந்தன.

"தேரு பாக்கப் போற மூஞ்சியா இது? சிரியேண்டி கொஞ்சம்" என்றாள் அம்மா.

தேவியால் சிரிக்க முடியவில்லை. ஆனால் அழவும் இல்லை. இன்னும் நாள் முடியவில்லையே!

வீராம்பட்டினத்தில் எள் போட்டால் எள் விழாது, அவ்வளவு கூட்டம். திடீரென்று தலைக்கு மேலே ஒலிபெருக்கி பேசியது. "மீனவர்கள் கவனத்துக்கு. இன்னிக்கு அலை மூணடி உசரம் இருக்கும்."

தேவி சட்டென்று நின்றாள். "அம்மா, அலை எவ்ளோ உசரம் வரும்னு இவங்களுக்கு எப்டித் தெரியும்?"

"இங்க தகவல் மையம்னு ஒன்னு வெச்சிருக்காங்க. நெட்டுல பாத்துச் சொல்லுவாங்களாம்."

"நெட்டுலயா! அது எங்க இருக்கு?"

"எனக்கு என்னா தெரியும்?"

தேவி நிமிர்ந்து பார்த்தாள். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கம்பத்துக்குக் கம்பம் தாவிப் போய்க்கொண்டிருந்தது. அவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், தேரு அந்தப் பக்கம்டி!"

"ஒயரு இந்தப் பக்கம்மா!"

பலூன் கடையைத் தாண்டி, கரும்புச்சாறு வண்டியைச் சுற்றி, வேப்பமரத்தில் ஒருமுறை ஒயரைத் தவறவிட்டு, மறுபடி கண்டுபிடித்தாள். கடைசியில் அது ஒரு சின்னக் கட்டடத்தின் ஜன்னலுக்குள் நுழைந்தது. உள்ளே மேசை மேல் ஒரு கம்ப்யூட்டர். பக்கத்தில் மைக்கோடு ஒரு பெண். அவர்தான் மையத்தைப் பார்த்துக்கொள்ளும் கன்னியம்மாள்.

"புள்ள காணுமா? பேரச் சொல்லுங்க" என்றார் அவர்.

"யாரும் காணாமப் போவலக்கா. கம்ப்யூட்டரு அஞ்சு நிமிஷம் வேணும். குதிரைக்குட்டி பொறக்கணும்."

கன்னியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். தேவி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"இது அலை பாக்குற கம்ப்யூட்டரு கண்ணு. வெளாட்டுக்கெல்லாம் தர முடியாது. நானே திண்டாடினு இருக்கேன். இந்த வெள்ளக்காரப் புள்ள ஒரு மணி நேரமா அழுவுது. யாரு புள்ளன்னே தெரியல. இங்கிலீஷும் புரியல."

தேவி கன்னியம்மாள் கைகாட்டிய பக்கம் திரும்பினாள். அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த சிறுமியைப் பார்த்தாள். முகமெல்லாம் சிவந்து, விக்கி விக்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் ஒரே ஒரு சொல் தேவிக்குப் பளிச்சென்று கேட்டது. புவார்!

"அக்கா, தண்ணி கேக்குது!"

கன்னியம்மாள் அவசரமாகச் சொம்பை நீட்டினார். சிறுமி மடக் மடக்கென்று குடித்தாள். தேவி அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அடுத்து என்ன கேட்பது? அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் லாயத்துப் பிரெஞ்சுதான்.

"ஃபுவான்?" என்று கேட்டாள். வைக்கோல் வேண்டுமா என்று அர்த்தம்.

சிறுமி அழுகையை நிறுத்திவிட்டு விழித்தாள். பிறகு களுக்கென்று சிரித்துவிட்டாள். "நோன்!"

அது போதுமே! விளையாட்டில் ஒவ்வொரு குதிரைக்கும் இருக்கும் விவரப் பக்கத்தைத் தேவி மனதில் கொண்டுவந்து வரிசையாகக் கேட்டாள். முதல் வரி பெயர். "நோம்?"

"லூசி."

இரண்டாவது வரி வயது. "ஆஜ்?"

லூசி ஐந்து விரலைக் காட்டி, "சாங்க்" என்றாள்.

"மேர்? பேர்?"

அம்மா பெயர் இசபெல், அப்பா பெயர் மார்க். அடுத்த வரியில் என்ன இனம் என்று இருக்கும். அதைத் தேவி கேட்கவில்லை.

கன்னியம்மாள் வாய் பிளந்தபடி மைக்கை நீட்டினார். தேவி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நோம், லூசி. ஆஜ், சாங்க். மேர், இசபெல். பேர், மார்க்." மூன்று முறை சொன்னாள். கடைசியில் 'தகவல் மையம்' என்று தமிழிலும் சேர்த்துக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில், ஒரு போலீஸ்காரர் வழிகாட்ட, வெள்ளைக்காரத் தம்பதி ஓடி வந்தார்கள். லூசியை வாரி அணைத்து அந்த அம்மா அழுதுவிட்டார். லூசியோ சிரித்துக்கொண்டே அப்பா காதில் ஏதோ சொன்னாள். அவர் தேவியிடம் ஆங்கிலத்தில், "என் மகளுக்கு வைக்கோல் போடப் பார்த்தாயாமே?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர்கள் போனதும் கன்னியம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தார். "உக்காரு. அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம்தான்."

தேவி மளமளவென்று கடவுச்சொல்லைத் தட்டினாள். பட்டனை அழுத்தினாள். அந்த நெட்டோ ஆமையைவிட மெதுவாக நகர்ந்தது. படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் இரண்டு காது. பிறகு வெள்ளைப் பிடரி. புகை நிற முதுகு. குச்சிக் குச்சியாக நான்கு கால்கள். மதிப்பெண் அடியில்தான் வரும். அம்மாவும் தேரை மறந்துவிட்டுத் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

நூறு!

"அம்மா! நூறும்மா!" தேவி குதித்த குதியில் நாற்காலி சாய்ந்தது. பெயர் கேட்ட கட்டத்தில் யோசிக்காமல் 'லூசி' என்று தட்டினாள்.

கன்னியம்மாள் மைக்கை எடுத்தார். கடற்கரை முழுவதும் அவர் குரல் கணீரென்று ஒலித்தது.

"மீனவர்கள் கவனத்துக்கு. அலை அதே மூணடிதான். இன்னொரு சேதி. முதலியார்பேட்டை தேவிப்பிரியாவோட குதிரை குட்டி போட்டிருக்கு. தாயும் குட்டியும் நல்லா இருக்காங்க!"