பல்லு வச்ச கத்தி

போன் அலறியது.

சிப்காட் கம்பெனி கேன்டீனில் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்த ஜெயப்பிரகாஷ் நம்பரைப் பார்த்தான். புது நம்பர்.

"இன்ஸ்பெக்டர் இளமதி பேசறேன். சிதம்பரத்துல ஸ்ரீதர்னு ஒருத்தர யாரோ குத்திப் போட்டாங்களே, தெரியுமா?"

"பேப்பர்ல பார்த்தேன் மேடம்."

"கத்தி கெடச்சிருச்சு. உங்க ஃப்ரெண்டு நவ்ஷாத்தோட கறிக்கடையில. கொஞ்சம் ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க."

டீ கசந்தது.

அங்கே கிடைக்காமல் வேறெங்கே கிடைக்கும்? அதை அங்கே வைத்தவனே ஜெயப்பிரகாஷ்தானே!

ஸ்ரீதரைக் குத்தியதில் அவனுக்கு வருத்தமே இல்லை. கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லித் தங்கையை ஏமாற்றி, அவள் சாவுக்குக் காரணமான பாவி. தொலைந்தான்.

ஆனால் இன்றோ நாளையோ போலீஸ் அதைத் தோண்டும். அண்ணனைத் தேடி வரும். அதற்குள் இன்னொரு தலை தேவைப்பட்டது.

நவ்ஷாத்தின் தலை கிடைத்தது. போன வாரம்தான் மஞ்சக்குப்பத்தில் அவனுக்கும் ஸ்ரீதருக்கும் பைக் இடித்த தகராறு. "வெட்டிப் போட்ருவேன்" என்று நவ்ஷாத் கத்தியதைத் தெருவே கேட்டது.

மிச்சம் கத்திதான். அன்று சிதம்பரம் மேல வீதிப் பாத்திரக் கடைக்காரர் இரண்டை எடுத்துப் போட்டார்.

"இது சாதா சார். வழவழன்னு எறங்கும். இது பல்லு வச்சது. கெட்டியான சாமானக்கூட கவ்விப் பிடிச்சு அறுக்கும். எது வேணும்?"

ஜெயப்பிரகாஷ் யோசித்தான். கறிக்கடை... நரம்பு, சவ்வு...

"பல்லு வச்சதே குடுங்க."

பெரிய மூளை!

ஸ்டேஷன் வாசலில் நவ்ஷாத்தின் மனைவி நஜியா நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே... உள்ள என்ன நடக்குதுன்னே தெரியலண்ணே. நீங்க சொன்னா கேப்பாங்க. உங்க தங்கச்சி காரியத்துக்குக் கூடவே நின்ன மனுஷண்ணே அவரு."

ஜெயப்பிரகாஷ் அவள் முகத்தைப் பார்க்காமல் படியேறினான். அன்று பாடைக்குத் தோள் கொடுத்தவன் நவ்ஷாத். தன்னைப் பிடித்து உட்காரவைத்து ஒரு வாய் சோறு ஊட்டியவன். அவனையா... சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

உள்ளே இளமதி நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. நவ்ஷாத் விஷயமா ஒரே ஒரு கேள்வி..."

"அவன் இல்ல மேடம்."

"என்னது?"

"நவ்ஷாத்துக்கு ஒண்ணும் தெரியாது. குத்தினது நான். கத்திய அவன் கடையில வச்சதும் நான்தான். அவன விட்ருங்க."

தங்கை விஷயத்தையும் கொட்டித் தீர்த்தான். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

இளமதி பேனாவைக் கீழே வைத்தாள்.

"உங்க தங்கச்சி கதையே எனக்கு இப்பத்தான் தெரியுது. நவ்ஷாத் மேல சந்தேகமில்லன்னு கொஞ்சம் முன்னாடிதான் முடிவாச்சு. பின்னாடி ரூம்ல டீ குடிச்சிட்டிருக்காரு."

"மேடம்...?"

"பல்லு வச்ச கத்தி அவுங்க ஹலால் அறுப்புக்கே ஆகாதாம். ஆட்டுக்கு நோவுமாம். கத்தி அலகுல சின்ன நெளிவு இருந்தாக்கூட தீட்டிட்டுத்தான் தொடுவாங்களாம். அங்க இருக்கற மத்த கறிக்கடைக்காரங்களும் அதையேதான் சொன்னாங்க. அப்போ வெளியாள் எவனோ வச்சிருக்கான். யாருன்னுதான் தெரியல."

"அப்புறம் என்னைய எதுக்கு...?"

"அவருக்கு ஆகாதவங்க யாராச்சும் உண்டான்னு கேக்கத்தான். நெருங்குன ஃப்ரெண்டுன்னு உங்க பேரத்தான் சொன்னாரு."

ஜெயப்பிரகாஷ் நெற்றியில் அடித்துக்கொண்டான். ஒரு நிமிடம்... ஒரே ஒரு நிமிடம் பொறுத்திருந்தால்!

பின்னறைக் கதவு திறந்திருந்தது. நவ்ஷாத் நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"மன்னிச்சிரு மச்சான்..."

நவ்ஷாத் டீ கிளாஸை மேஜைமேல் வைத்தான்.

"அடுத்த தடவ என்னைய மாட்டி விடணும்னா, கத்திய எங்கிட்டயே கேட்டு வாங்கிட்டுப் போ மச்சான். உனக்குப் பாத்து வாங்கத் தெரியல."