ஒற்றைக்கிணற்றுத் தீவில் ஒன்பது ரோல்கள்

வள்ளத்தில் முதல் காலை வைத்ததுமே ஜெசிந்தா வழுக்கி விழப் பார்த்தாள். நாற்பத்தாறு வருஷமாகக் கடற்கரையிலேயே குடியிருப்பவள், கடலுக்குள் போவது இதுதான் முதல் தடவை! அவள் கணவர் கஸ்பார் இருபது வருஷம் கேமராவும் கையுமாகத் தீவு தீவாகச் சுற்றியபோதெல்லாம், "நீங்க போங்க, நான் கரையில நிக்கேன்" என்று சொன்னவள். அந்தக் கஸ்பார் மஞ்சள்காமாலையில் போய் மூன்று மாதமாகிறது. இனிக் கரையில் நின்று பயனில்லை.

தவறு அவளுடையதுதான். கஸ்பாரின் ஸ்டுடியோவைக் காலி செய்தபோது, பழைய எக்ஸ்ரே பிலிம் வாங்கி அதிலிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கும் ஆளைக் கூப்பிட்டு, பதினோரு சாக்கு நெகட்டிவ்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். கறுப்புக் கறுப்பாய்க் கிடந்த சுருள்கள் அவளுக்குக் குப்பையாகத்தான் தெரிந்தன. முப்பதாம் நாள் பூசைக்கு வந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வாய் திறந்த பிறகே அவளுக்கு உறைத்தது. அப்பா படம், அக்கா கல்யாணப் படம், செத்துப்போன பிள்ளையின் ஒரே படம் என்று எல்லாம் அந்தச் சாக்குகளில்தான் இருந்தன. அலறியடித்து ஓடினாள். அந்த ஆள் முந்தின நாளே அத்தனையையும் கரைத்து முடித்திருந்தான்.

இப்போது துடுப்புப் பிடித்திருக்கும் தொம்மையும் அன்று வந்திருந்தான். அவன் அண்ணன் தஸ்நேவிஸ் கார்த்திகைப் புயலில் கடலோடு போனவன். உடலும் கிடைக்கவில்லை, வீட்டில் ஒரு படமும் இல்லை. புயலன்று காலையில்தான் ஒற்றைக்கிணற்றுத் தீவில் வைத்து கஸ்பார் அவனைப் படமெடுத்தார், பிறகு அவன் சங்கு குளிக்கக் கடலுக்குள் போய்விட்டான். மதியம் காற்று திரும்பியதும் தொம்மை அவசரமாகப் போய்க் கஸ்பாரை ஏற்றிக்கொண்டு வந்தான். அலை வள்ளத்துக்குள் ஏறிய ஏற்றத்தில் ரோல்கள் நனைந்துவிடும் என்று பயந்து, ஏறுமுன்பே அவர் அவற்றை ஒரு பானையில் போட்டுத் தீவிலேயே புதைத்துவிட்டார். வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தொம்மை எங்கே என்று பார்க்கவில்லை. கரைக்கு வந்ததும் படுக்கையில் விழுந்த கஸ்பார் மூன்றாம் வாரம் போய்ச் சேர்ந்தார்.

வழி காட்டியது ஒரு சட்டைப் பை. மடித்து வைக்க எடுத்த சட்டையிலிருந்து கீழே விழுந்த பிலிம் பெட்டி அட்டையில், பென்சிலால் ஒரு கிணறு, ஓர் உடைந்த சுவர், நடுவே 'பானை, கிணற்றிலிருந்து பத்து எட்டு' என்று கஸ்பாரின் கோழிக் கிறுக்கல்!

மூன்றாவதாக வந்தவள் பர்வீன், நாளிதழ் ஒன்றுக்குப் படமெடுக்கும் பெண். பிலிம் விஷயம் தெரிந்த ஆள் வேண்டுமென்று ஜெசிந்தாதான் அழைத்திருந்தாள். "உச்சிக்குள்ள திரும்பிரணும். கச்சான் காத்து எந்திச்சா இந்தப் பார்ல வள்ளம் நிக்காது" என்று தொம்மை எச்சரித்தான்.

தீவைச் சுற்றி நீருக்கடியில் கிடந்த பாறைத் திட்டான பாரைத் தாண்டும்போதே கடல் தன் வேலையைக் காட்டிவிட்டது. பக்கவாட்டில் வந்த ஓர் அலை மூவரையும் குளிப்பாட்டிவிட்டுப் போனது. பர்வீன் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கித் தப்பித்தாள், ஆனால் அவளது பையிலிருந்த புது ரோல்கள் அத்தனையும் உப்புத் தண்ணீரில் ஊறின.

கிணற்றிலிருந்து உடைந்த சுவரைப் பார்த்துத் தொம்மை பத்து எட்டு வைத்துத் தோண்டினான். மணல்தான் வந்தது. இன்னும் ஆழமாகத் தோண்டினான், ஊற்று வந்தது. தீவின் பாதியைக் கடல் தின்றிருந்தது, பானையையும் தின்றிருக்குமோ என்று ஜெசிந்தா அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஆறடி உயரத்தில் நின்ற தொம்மையை அப்போதுதான் நன்றாகப் பார்த்தாள்.

"ஒங்க எட்டு வேற, அவிய எட்டு வேற. அவிய என் ஒயரந்தான்" என்றபடி தானே நடந்தாள். பத்தாவது எட்டு, தொம்மையின் குழிக்கு வெகு முன்னாலேயே முடிந்தது. நாலு வாரு மணலை அள்ளியதும் மண்வெட்டி டொக்கென்று முட்டியது. பானை!

வாயை அடைத்திருந்த மெழுகை உடைத்தால் உள்ளே வறுத்த அரிசி, ஈரத்தை உறிஞ்சுவதற்காக. அவள் வீட்டுப் புழுங்கலரிசிதான். டப்பாவில் குறைந்ததற்கு எலியைத் திட்டியது அவள் நினைவுக்கு வந்தது. அரிசிக்குள் ஒன்பது ரோல்கள் இருந்தன.

பர்வீன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் வாடிப்போனது. எடுத்து முடித்த ரோலில் பிலிமின் நுனியான நாக்கு முழுக்க உள்ளே சுருண்டிருக்கும், இவற்றில் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஒன்பதும் எடுக்காத ரோல்கள் என்று மெல்லச் சொன்னாள். தொம்மை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். பதினோரு சாக்குக்குப் பதிலாக ஒரு படமாவது அவன் கையில் கொடுக்கலாம் என்று வந்த ஜெசிந்தா, பானைக்குள் கையை விட்டு அரிசியைக் கிளறித் தேடினாள்.

வந்ததற்கு இந்தத் தீவையாவது படமெடுத்து வைப்போம் என்று பர்வீன் அதில் ஒன்றை எடுத்தாள். கேமராவின் முதுகைத் திறந்தாள். நாக்கைப் பல்சக்கரத்தில் கோத்தாள். வெயிலில் பளிச்சென்று தெரிந்த அந்த நாக்கின் நுனியில் ஒரு சிறு நெளிவு. அதில் இரண்டு பல் தடம், நடுவே ஓர் இடைவெளி.

"மூடாதே! அதை எடு, எடுத்திரு!" ஜெசிந்தா பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "அது அவிய கடிச்சது, அந்த முன்பல் சந்தைப் பாரு. வள்ளத்துல கை ரெண்டும் நனைஞ்சிருக்கும், எடுத்து முடிச்ச ரோல்னு அடையாளத்துக்குப் பல்லாலதான் கடிச்சு வைப்பாவ. மருந்து வயித்துக்குள்ள போவும்னு நான் ஏசாத நாள் கெடையாது."

ஒன்பதையும் புரட்டிப் பார்த்தார்கள். ஒன்பதிலும் கஸ்பாரின் பல்! பிலிமைத் தானே கழுவுகிறவர், இருட்டறையில் உருவ எளிதாக இருக்கட்டுமென்று நாக்கை வேண்டுமென்றே வெளியே விட்டு வைத்திருக்கிறார். இதன்மேல் ஒரு படம் எடுத்திருந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நாசமாகியிருக்கும். பர்வீன் ரோலைக் கழற்றி அரிசிக்குள் புதைத்தாள்.

கச்சான் எழும்பிவிட்டது. ஓடினார்கள். பார் மேல் வள்ளம் இரண்டு முறை அடிதட்டியது, தொம்மை கழியை ஊன்றித் தள்ளினான், பர்வீன் தண்ணீர் இறைத்தாள். பானையை மடியில் கட்டிக்கொண்டு குனிந்திருந்த ஜெசிந்தா கடலுக்குப் பயப்படவே மறந்துபோனாள். கரை தட்டியபோது நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்ததுபோல் இருந்தது அவளுக்கு.

மறுநாள் பர்வீன் ரோல்களைக் கழுவினாள். இரண்டு சூட்டில் கெட்டுப் படம் தெரியாமல் மங்கியிருந்தன. மீதி ஏழும் பிழைத்தன. நான்காவது ரோலிலிருந்து மருந்துத் தண்ணீரில் இட்ட படத்தாள் ஒன்றில், கையில் சங்கோடு தஸ்நேவிஸ் மெல்ல மெல்ல எழுந்து வந்தான்.

தொம்மை அதன் மேல் குனிந்து பார்த்தான். பிறகு சொன்னான், "எப்பவும் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பான் மதினி. இதுல பொத்தலை."

ஜெசிந்தா அழுதாள், உடனே சிரித்தாள். கரைந்த பதினோரு சாக்கு திரும்பி வராது. ஆனால் தெரியாத பொருளைத் தெரிந்தவரிடம் காட்டாமல் இனி வீட்டைவிட்டு அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். படங்களைப் போட்டு வைக்கும் உறைகளைப் பரப்பி, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். தனக்குத் தெரியாத முகங்களைத் தொம்மையிடம் கேட்டுக் கேட்டு, ஒவ்வோர் உறையிலும் பேரை எழுதினாள்.