மூன்று பேர் படித்த பாடம்

அந்தக் காலத்தில் ஓசூரில் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் போகவேண்டும். வெளியூர்ப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது. காலையில் பூப்போல சாரல் விழும். கம்பெனி பஸ்கள் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் போகும். டீக்கடை ரேடியோ கன்னடத்தில் பாடும். கடைக்காரர் தெலுங்கில் திட்டுவார். டீ குடிக்கிறவர்கள் தமிழில் சிரிப்பார்கள். எல்லாருக்கும் எல்லாமே புரியும்.

1986-ஆம் வருடம் அப்படியொரு ஜூன் மாதத்தில்தான் தேவமணி ஆறாம் வகுப்புக்கு லீடர் ஆனாள்.

லீடருக்கு மூன்று வேலைகள். சாக்பீஸ் கொண்டுவருவது, டஸ்டரைத் தட்டுவது, டீச்சர் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவது. முதல் இரண்டு வேலைகளில் தூசிதான் மிச்சம். மூன்றாவது வேலைதான் தேவமணிக்கு மிகவும் பிடித்தது.

அவள் பெஞ்சில் இன்னும் இரண்டு பேர். ஒருத்தி சென்னம்மா. எந்நேரமும் வாயில் எதையாவது போட்டு மென்றுகொண்டே இருப்பாள். கணக்குப் பாடத்தில்கூட அவள் பாவாடைப் பையிலிருந்து வறுத்த கடலைக்காய் வாசனை வரும். இன்னொருத்தி புதுசு. பெயர் முனிலட்சுமி. மத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். அவள் அப்பாவுக்கு இங்கே கம்பெனி வேலை கிடைத்ததால் குடும்பமே வந்துவிட்டது.

முனிலட்சுமி ஒரு வார்த்தை பேசமாட்டாள். கேட்டால் தலையை ஆட்டுவாள். அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம், சாந்தம்மா டீச்சர் தமிழ்ப் பாடம் நடத்தினார். யானைகள் ஆற்றைக் கடக்கிற பாடம்.

"முனிலட்சுமி, எழுந்து படி."

முனிலட்சுமி எழுந்தாள். புத்தகத்தைப் பிடித்தாள்.

"யா... யா..."

அதற்குமேல் வரவில்லை. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அந்தக் குளிரில் வேர்வை!

"யா... யா..."

தேவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரித்ததும் வகுப்பே சிரித்தது.

"ஆறாவதுக்கு வந்தும் ஒரு வரி படிக்க வரலையா? இல்ல, பிடிவாதமா?" என்றார் டீச்சர். "போய் வெளியில நில்லு. படிக்கணும்னு தோணும்போது உள்ள வா."

முனிலட்சுமி வெளியே போய் நின்றாள். மணி அடிக்கிறவரை உள்ளே வரவில்லை.

மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் அவள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

வருகைப் பதிவில் தினமும் அந்தப் பெயருக்கு நேராக டீச்சர் ஒரு கோடு போட்டார். ஒரு கோடு, இரண்டு கோடு, ஐந்து கோடு. பெஞ்சில் சென்னம்மாவுக்கும் தேவமணிக்கும் நடுவே இடம் காலியாகக் கிடந்தது.

"இப்ப தாராளமா உக்காரலாம்" என்றாள் சென்னம்மா. ஆனால் அவளும் நகர்ந்து உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் தேவமணி முனிலட்சுமியின் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். ரயில்வே கேட்டைத் தாண்டி, ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்த ஒரு சந்து. கடைசி வீட்டு வாசலில் முனிலட்சுமியின் அம்மா மாரம்மா ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் முனிலட்சுமி கிளாஸ் லீடர்மா. அவளுக்கு உடம்பு சரியில்லையா?"

மாரம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னா சொல்றது கண்ணு. காலையில பைய எடுத்தாளோ இல்லையோ, வயித்த வலிக்குதும்மான்னு சுருண்டுக்கிறா. வாந்தி எடுக்கிறா. மந்திரிச்சுக் கயிறு கட்டினோம். டாக்டர்கிட்ட காட்டினோம். வயித்துல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு."

"ஒண்ணுமில்லன்னா நடிக்கிறான்னுதானே அர்த்தம்?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. முனிலட்சுமியின் அப்பா திம்மப்பன் வெளியே வந்தார். காலை ஷிப்டு முடித்து அப்போதுதான் வந்திருந்தார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பள்ளிக்கூடம் வேணாம்னா வேணாம். திங்கக்கிழமை மத்தூருக்கு அனுப்பிடறேன். எங்கண்ணன் நெலத்துல களை எடுக்கட்டும்."

திங்கட்கிழமை! நடுவில் இரண்டு நாள்தான் இருந்தது.

தேவமணி உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் முனிலட்சுமி. மடியில் தமிழ்ப் புத்தகம். தேவமணி மெதுவாகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உண்மையைச் சொன்னாள்.

"அன்னிக்கு மொதல்ல சிரிச்சது நான்தான்."

"தெரியும்" என்றாள் முனிலட்சுமி.

தேவமணியிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்!

"எப்படித் தெரியும்?"

"உன் சிரிப்பு தனியாக் கேட்டுது. முட்டை போட்ட கோழி மாதிரி."

தேவமணிக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. கோழி மாதிரிதான் வந்தது. முனிலட்சுமியின் உதடும் கொஞ்சம் நெளிந்தது.

"தப்புதான்டி. மன்னிச்சுக்கோ. உனக்குப் படிக்க வராதா?"

"வரும். வீட்ல அம்மாவுக்கு முழுப் பாடமும் படிச்சுக் காட்டுவேன். அங்க எழுந்து நின்னா மட்டும் நெஞ்சு தடதடன்னு அடிச்சுக்குது. தொண்டைய யாரோ புடிச்சுக்கிற மாதிரி கீது. கண்ணு இருட்டுது." குரல் தாழ்ந்தது. "நான் நடிக்கலை."

தேவமணிக்கு ஒன்று நினைவு வந்தது. போன வருடம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவளுக்கும் இப்படித்தான் வயிறு வலித்தது. அம்மா வீட்டுக்கு வந்ததும் வலி தானாகப் போய்விட்டது. வயிற்றில் அப்போதும் ஒன்றுமில்லைதான். ஆனால் வலி பொய்யில்லையே!

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். திம்மப்பனைப் பார்க்கவே பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டாள்.

"மாமா, உங்களுக்குக் கம்பெனிக்குப் போக எப்பவாவது பயமா இருந்துச்சா?"

"எனக்கா? பயமா?" என்று திம்மப்பன் பெரிதாகச் சிரித்தார். பிறகு துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"மொத நாளு..." என்று இழுத்தார். "தகட்ட அமுக்கற அந்த பிரஸ் மிஷினு கீதே, டமார்னு எறங்கும். தரையே ஆடும். எனக்குக் கை நடுங்கிப்போச்சு. பட்டனை அமுத்தவே முடியலை. மேஸ்திரி கத்துறாரு. அவரு கத்தக் கத்த இன்னும் நடுங்குது."

"அப்புறம்?"

"பக்கத்து மிஷின்ல பசப்பான்னு ஒரு கன்னடக்காரன். அவன் ஒண்ணுமே சொல்லலை. வந்து பக்கத்துல நின்னான். என் கை மேல அவன் கைய வச்சு ரெண்டு பேருமா பட்டனை அமுத்தினோம். ஒரு வாரம் அப்படித்தான் ஓடுச்சு."

"ஒரு வாரம் கழிச்சு?"

"என்னிக்குக் கைய எடுத்தான்னே எனக்குத் தெரியலை."

சொல்லிவிட்டு அவர் திரும்பினார். உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார்.

"இத்தன நாளா எங்கிட்ட இதச் சொல்லவே இல்லியே" என்றாள் மாரம்மா.

"பயந்தேன்னு எப்படிச் சொல்றது?"

"அவ மட்டும் எப்படிச் சொல்வா?"

திம்மப்பன் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "திங்கக்கிழமை மத்தூரு வேணாம்" என்றார் கடைசியில். "நீ போய் டீச்சர்கிட்ட பேசு. எனக்கு ஷிப்டு."

திங்கட்கிழமை மாரம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். ஆனால் பள்ளிக்கூட கேட் வந்ததும் அவள் கால் நின்றுவிட்டது.

"நான் இதுவரைக்கும் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளயும் போனதில்ல கண்ணு. டீச்சரு எதனாச்சும் எழுதச் சொன்னா?"

"எழுதல்லாம் சொல்லமாட்டாங்கம்மா. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றாள் தேவமணி.

ஒரு பக்கம் மகள், இன்னொரு பக்கம் தேவமணி. நடுவில் மாரம்மா. மூன்று பேரும் சாந்தம்மா டீச்சர் முன்னால் போய் நின்றார்கள்.

மாரம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "டீச்சரம்மா, எம் பொண்ணு திமிரு புடிச்சவ இல்லீங்கோ. தெனமும் சாயங்காலம் எனக்குப் பாடம் படிச்சுக் காட்றா. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா அவ படிக்கிறப்ப ஓர் எடத்துலகூட நிக்கமாட்டா. தண்ணி மாதிரி போவா. இங்க வந்தா பயத்துல தொண்ட அடச்சுக்குது. காச்சல்னா லீவு குடுக்கறீங்கோ. கால் ஒடஞ்சா உக்கார வக்கிறீங்கோ. இதுக்கு இன்னா செய்வீங்கோன்னு கேக்கத்தான் வந்தேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் பிடிவாதம்னு நினைச்சுட்டேன்மா. வெளியில நிக்க வச்சது தப்பு" என்றார். "ஆனா இதுக்கு என்ன செய்யறதுன்னு எனக்கும் தெரியலையே."

"டீச்சர்" என்றாள் தேவமணி. "அவ படிக்கும்போது பெஞ்சுல இருக்கற நாங்க ரெண்டு பேரும் கூட எழுந்து நிக்கட்டுமா? மூணு பேரும் சேர்ந்து படிக்கறோம்."

"மூணு பேருமா?"

"ஆமா டீச்சர். சென்னம்மாகிட்டயும் கேட்டுட்டேன். அவ சரின்னுட்டா. வாயில எதுவும் வச்சுக்கமாட்டாளாம்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "அதுவே பெரிய விஷயம். செய்யுங்க."

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், முனிலட்சுமி கை கழுவப் போயிருந்தபோது, தேவமணி வகுப்பின் முன்னால் போய் நின்றாள். கையில் சாக்பீஸ் இருந்தது. சிரிக்கிறவர்கள் பெயரை எழுதிவிடுவேன் என்று சொல்லத்தான் முதலில் நினைத்தாள். அப்படியென்றால் அவள் பெயரைத்தானே முதலில் எழுதவேண்டும்? சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"அன்னிக்கு மொதல்ல சிரிச்சது நான். இனிமே சிரிக்கமாட்டேன். எனக்கும் பயம் இருக்கு. எங்க தெரு முனையில ஒரு கறுப்பு நாய். அதுக்குப் பயந்து நான் தெனம் சுத்திக்கிட்டுத்தான் வரேன். உங்களுக்கு எதுவும் பயமில்லையா?"

எல்லாரும் சோற்று டப்பாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எனக்குப் பல்லின்னா பயம்" என்றாள் ஒருத்தி.

"எனக்குக் கம்பெனி சங்கு. ஊதினா உடம்பு தூக்கிப்போடும்."

"எனக்குக் கணக்கு டீச்சர்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் அவசரமாக வாசல் பக்கம் பார்த்தார்கள். நல்லவேளை, யாருமில்லை.

"எனக்குச் சோறு தீந்துபோயிடுமோன்னு பயம்" என்றாள் சென்னம்மா. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. யாரையும் குத்தவில்லை.

மறுநாள் தமிழ்ப் பாடம். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். முனிலட்சுமியின் தோளை ஒரு பக்கம் தேவமணியின் தோளும் மறுபக்கம் சென்னம்மாவின் தோளும் தொட்டுக்கொண்டிருந்தன.

"யானைகள் ஆற்றங்கரைக்கு வந்தன" என்று இரண்டு குரல்கள் கேட்டன. முனிலட்சுமியின் உதடு மட்டும் அசைந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அன்று ஒரு பத்தி முடிந்தது.

அடுத்த வாரம் மூன்றாவது குரல் லேசாகக் கேட்டது. தேவமணி ஒரு காதை அந்தப் பக்கமே வைத்துப் படித்ததில் இரண்டு வார்த்தைகளை விழுங்கிவிட்டாள். சில நாள் முனிலட்சுமிக்கு மறுபடியும் வயிறு வலித்தது. அந்த நாட்களில் தேவமணியும் சென்னம்மாவும் அவள் வீட்டுக்கே போய் அழைத்துவந்தார்கள். வரவே முடியாத நாளில் மாரம்மா தானே பள்ளிக்கூடம் வந்து, "இன்னிக்கு முடியலீங்கோ டீச்சரம்மா, நாளைக்கு வருவா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போதெல்லாம் கேட்டில் அவள் கால் நிற்பதில்லை.

ஆடி போய் ஆவணி வந்தது. மாரம்மா வீட்டுக் கொல்லையில் அவரைப் பந்தல் பூத்தது. சாந்தம்மா டீச்சர் புதிய பாடம் ஆரம்பித்தார். ஒரு பையன் காட்டில் வழி தப்பிப்போகிற கதை. நல்ல சுவாரசியமான கதை.

அன்றும் மூன்று பேரும் எழுந்தார்கள். மூன்று குரலும் சேர்ந்தே போயின. பையன் மரத்தில் ஏறுகிற இடத்தில் சென்னம்மாவுக்கு இருமல் வந்தது. அவள் நிறுத்தினாள். தேவமணி அவளைப் பார்த்தாள். சென்னம்மா கண்ணால் முனிலட்சுமியை ஜாடை காட்டினாள். தேவமணியும் மெல்லத் தன் குரலைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

முனிலட்சுமி கவனிக்கவே இல்லை. புலி உறுமியது. பையன் கிளையைக் கட்டிக்கொண்டான். அவள் குரல் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

டண் டண் டண் என்று சாப்பாட்டு மணி அடித்தது.

டீச்சர் புத்தகத்தை மூடினார். "போதும்மா, உக்காரு."

முனிலட்சுமி நிமிர்ந்தாள். ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் முகம் சிவந்தது. ஆனால் புத்தகத்தை மூடவில்லை.

"டீச்சர்," என்றாள், "இன்னும் ரெண்டு வரி கீது."

அந்த இரண்டு வரியும் முடிகிறவரை ஒருத்திகூடச் சோற்று டப்பாவைத் திறக்கவில்லை. சென்னம்மாகூட!