மூடி போட்டு எடுத்த படம்

விண்கலம் அனுப்பிய அந்தப் பனிநிலாவின் படத்தில் ஓரிடத்தில் வெளிச்சம் பூஜ்யத்தைவிடக் குறைவாக இருந்தது.

கறுப்பு என்றால் பரவாயில்லை. காற்றே இல்லாத நிலாவில் பள்ளத்தின் அடி கறுப்பாகத்தான் இருக்கும். இது அதற்கும் கீழே. பாத்திரத்தில் தண்ணீர் இல்லை என்பது ஒன்று. இல்லாத தண்ணீரும் குறைகிறது என்பது வேறு. குளிரூட்டியின் முனகலும், நாள் முழுக்க எரிந்த திரைகளின் சூடும், யாரோ மேசையில் மறந்துவிட்டுப் போன காபியின் புளித்த வாடையும் சூழ்ந்த அந்த ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து, அவள் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதே எண். அதே இடம்.

"உங்க தம்பி போட்ட இருட்டுப் படம்தான் தப்பு" என்றார் பெரியவர். விண்கலத் திட்டத்தின் தலைவரை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

கேமரா என்றால் அதற்குள்ளேயே கொஞ்சம் பொய் வெளிச்சம் இருக்கும். சூட்டினால் வருவது, வயதினால் வருவது. அது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, விண்கலம் அவ்வப்போது மூடியை மூடிக்கொண்டே ஒரு படம் எடுக்கும். அதுதான் இருட்டுப் படம். நிஜப் படத்திலிருந்து அதைக் கழித்துவிட்டால் மிச்சம் உண்மை. அந்தக் கழித்தலை அமைத்தவன் அவளுடைய தம்பி. செத்து இன்னும் வருடம் திரும்பவில்லை.

"அவன் எண்ணுல தப்பு விடமாட்டான் சார்."

"எல்லாரும் விடறதுதாம்மா. போனவரைக் குறை சொல்லணும்னு எனக்கென்ன வேண்டுதலா? கட்டுரை வெளிய போகணும். ஒரே ஒரு வரி. 'அளவை அமைத்தவரின் பிழை.' அவ்வளவுதான்."

"அவனைப் பத்தி உலகத்துல மிச்சம் இருக்கப்போறதே அந்த ஒரு வரிதான் சார். அது பொய்யா இருக்க விடமாட்டேன்."

பெரியவர் பெருமூச்சு விட்டார். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாருங்க."

இருட்டுப் படத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. விண்கலம் எடுக்கும், கணினி கழிக்கும், அத்தோடு சரி. வடிகட்டியில் தங்கிய டீத்தூளை யார் உட்கார்ந்து ஆராய்கிறார்கள்? வருடக்கணக்கில் இங்கே ஒருவரும் செய்யாததை அவள் அன்று செய்தாள். ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். சாம்பல் தூவியதுபோல் புள்ளிகள். இன்னும் கூட்டினாள். கீழ் மூலையில் சாம்பல் திரண்டிருந்தது. உயரமாக, ஒடுக்கமாக, முழங்காலுக்கும் கீழே தொங்கும் இரண்டு கைகளோடு.

"கேமராவுல விண்கதிர் பட்ட தழும்பா இருக்கும்க்கா" என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். அவன் போட்டிருக்கும் தடித்த கண்ணாடிதான் அவனுக்குப் பெயர். "போன வாரம் எனக்கு ஒண்ணு வந்துச்சு, அப்படியே எங்க மாமனார் மூக்கு. ஃபிரேம் போட்டு மாட்டலாமான்னு கேட்டு வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"அடுத்ததைத் திற, கண்ணாடி."

அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். பழையதிலிருந்து புதியதை நோக்கி வரிசையாகத் திறந்துகொண்டே போனான். ஒவ்வொன்றிலும் அது கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"தழும்புன்னா வளராதேக்கா."

"வளரலை" என்றாள் அவள். "நடந்து வருது."

விண்வெளித் தொலைநோக்கியின் இருட்டுப் படங்களை இறக்கச் சொன்னாள்.

"அது வேற ஆளுங்க கட்டினதுக்கா. வேற இடத்துல சுத்துது. வேற கண்ணு."

"அதனாலதான் கேக்கறேன்."

அதிலும் நின்றது. பக்கவாட்டில். தெருவில் போகிறவனை இரண்டு வீட்டு ஜன்னல்களிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. மூடியை மூடிய இரண்டு கண்ணுக்கும் அது தெரிந்தது. திறந்த கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. திறந்த கண் பார்த்த படத்திலிருந்து அதைக் கழித்துக் கழித்துத்தான் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு குழியை இவர்களே தோண்டி வைத்திருந்தார்கள்.

தம்பி மனைவிக்கு ஃபோன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே கேட்டாள், அவன் கடைசியில் ஏதாவது சொன்னானா என்று.

மறுமுனையில் குழாய் ஓடும் சத்தம். பிறகு அது நின்றது.

"சொன்னா பைத்தியம்னுடுவீங்கன்னு சொல்லலை, அண்ணி. கண்ணை மூடவே மாட்டேன்னாரு. தலைக்கு ஊத்தினாலும் மூடறதில்லை, சோப்பு எரிஞ்சு தண்ணியா கொட்டும். சொட்டு மருந்து விட்டு விட்டு உக்காந்திருப்பாரு. தூங்காமலே போயிட்டாரு. டாக்டர் இதயம்னு எழுதினாரு."

"ஏன் மூடலைன்னு சொன்னானா?"

"'நான் அதைப் பாத்தது அதுக்குத் தெரிஞ்சுபோச்சு'ன்னாரு."

கழிவறைக்குப் போய் முகம் கழுவினாள். வாசனையில்லாத பச்சை சோப்பு, குழாயின் இரும்பு நாற்றம், மேலே விட்டு விட்டுத் துடிக்கும் விளக்கு. நுரையோடு கண்ணை மூடினாள். இமைக்குப் பின்னால் எல்லோருக்கும் இருக்கிற சிவந்த இருட்டு. அதில் சாம்பல் புள்ளிகள். மூலையில் அது.

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயத்துக்கு மேலே, மெதுவாக, கோபம் ஏறியது. இதுவா அவனை அத்தனை இரவு தனியாக உட்கார வைத்தது? இதுவா அவன் பெயரில் பிழை எழுதப் பார்க்கிறது?

"நான் உன்கிட்டேர்ந்து ஓடமாட்டேன்" என்று கண்ணாடியில் தெரிந்த தன் ஈர முகத்திடம் சொன்னாள். சொல்ல வேண்டியது அதனிடம் அல்ல என்று உறைத்தது. மறுபடி கண்ணை மூடி, அதனிடமே சொன்னாள்.

மறுநாள் பிற்பகல் விண்கலம் வழக்கமான இருட்டுப் படம் எடுக்கும் வேளை. பெரியவரைக் கூட்ட அறைக்கு வரவழைத்தாள். வெளியே பளிச்சென்ற வெயில், சாலையில் வண்டிச் சத்தம்.

"இப்ப அங்க மூடி மூடும் சார். படம் இங்க வந்து சேர ஒரு சினிமா பாக்கற நேரம் ஆகும். அதுல என்ன இருக்கும்னு நான் இப்பவே சொல்றேன். நம்ம கண்ணாடி அதைப் பலகையில வரைவான். வந்த பிறகு ஒப்பிட்டுப் பாருங்க. சரியா இருந்தா அந்த வரியை எடுத்துடணும்."

"என்னம்மா இது, குறி சொல்ற மாதிரி?"

"ஆமா சார். ஆனா தட்சிணை வேணாம்."

கண்ணை மூடினாள்.

அது மூலையில் இல்லை. நடுவில். கண்டதைச் சொன்னாள்.

"முதுகு வளைஞ்சிருக்கு. இடது கை முன்னால நீட்டிருக்கு. விரல் நிறைய. அஞ்சுக்கும் மேல. தலை வலப்பக்கம் சாஞ்சிருக்கு, கேக்கற மாதிரி."

பலகையில் பேனா கீச்சிட்டது.

"போதும்க்கா, கண்ணைத் திறந்துக்கோங்க" என்றான் கண்ணாடி.

"படம் வரட்டும்."

தம்பி கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். அவள் மூடியே வைத்திருப்பாள். பார்ப்பது அவள் வேலை. பார்த்தாள். கடிகாரத்தின் சத்தம். பெரியவரின் செருப்பு அங்கும் இங்கும். எங்கோ கதவு. அது நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது. வெயிலில் காய்ந்த கல்லின் வாடை. பிறகு அந்த வாடையும் இல்லை. குளிர் மட்டும். அவள் நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை.

கணினி மணியடித்தது. படம் வந்துவிட்டது.

நாற்காலி ஒன்று பின்னால் இடித்து விழுந்தது. பெரியவரின் குரல், வயதான குரலாக வந்தது.

"விரல் கூட..." நிறுத்தினார். "அந்த வரியை எடுத்துடறேன்மா. அவர் மேல தப்பில்லை."

"எழுத்துல குடுங்க சார்."

"குடுக்கறேன். இதோ, எழுதறேன். முதல்ல கண்ணைத் திறங்கம்மா."

"திறக்கறேன்" என்றாள். இமையை உயர்த்தச் சொல்லி முகத்துக்குக் கட்டளையிட்டாள். இருட்டு அப்படியே இருந்தது.

பக்கத்தில் கண்ணாடி மூச்சை உள்ளே இழுத்தான்.

"சார்" என்றான் மெதுவாக. "அவங்க கண்ணு திறந்துதான் இருக்கு."

அவளுக்கும் கேட்டது. கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து நின்றாள்.

அது அவளுக்கு முன்னால், கை எட்டும் தூரத்தில், அவள் உயரத்துக்கு வருவதற்காக ஒவ்வொரு மூட்டாக மடக்கிக் குனிந்துகொண்டிருந்தது. அவள் பின்வாங்கவில்லை. முகம் இருக்க வேண்டிய இடம் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அதன் நடுவில் ஒரு மூடி மெல்ல விலகியது.