கொண்டை கருத்த சேவல்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கற்பூரம் அணைத்தே சத்தியம் செய்திருக்கலாம். என்ன செய்வது, செவ்வாய்க் கிரகத்தில் நெருப்பு மூட்டினால் அபராதம்.

செம்புழுதி நகரில் ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டால் முதல் ஊசி சேவலுக்குத்தான். பூமியிலிருந்து மருந்துக் கப்பல் எப்போதாவதுதான் வரும். ஆகவே பிள்ளை பிறந்தபின் உதிரப்போக்கை நிறுத்த, பசுமைக்குடிலில் விளையும் கம்பங்கதிரில் பிடிக்கும் கரும்பூஞ்சையிலிருந்து டாக்டர் எழில்வேணியே சாரம் எடுத்தாள். வீரியம் கூடினால் விஷம். குறைந்தால் வெறும் தண்ணீர். அதனால் மருந்துகளுக்கு அனுமதி தரும் ‘ஒப்புதலி’ என்ற எந்திரன் பூமியின் பழைய முறையைப் பிடித்துக்கொண்டது. உயிரணுக்களை அடுக்கி அச்சு எந்திரத்தில் வார்த்த சேவலுக்குச் சாரத்தை ஏற்றி, கொண்டை கருத்தால்தான் மருந்துப் பெட்டியின் பூட்டைத் திறக்கும்.

அன்று சம்பூர்ணத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. உதிரம் நிற்கவில்லை. வலி கண்டதுமே சேவலுக்கு ஊசி போட்டிருந்த எழில்வேணி, கொண்டை கருத்ததா என்று பார்க்கக் கூண்டுக்கு ஓடினாள். கூண்டு காலி.

சம்பூர்ணத்தின் மாமியார் பொற்கிளி, போன கப்பலில்தான் பூமியிலிருந்து வந்து இறங்கியவள், கிண்ணத்தைத் துடைத்தபடி எதிரே வந்தாள்.

“சேவல் எங்கம்மா?”

“அதுவா? கொண்டையெல்லாம் கருத்துப்போச்சு கண்ணு. நோவு கண்ட கோழி. சாகறதுக்குள்ள அறுத்து, மிளகு தட்டிப்போட்டுச் சாறு வெச்சுட்டேன். பெத்த உடம்புக்குத் தெம்பு வேணுமில்ல? இப்பத்தான் ஒரு கிண்ணம் குடிச்சா.”

“ஐயோ! கருத்ததைப் பார்த்தீங்கல்ல? அதை இந்த ஒப்புதலிகிட்டச் சொல்லுங்க!”

“கொண்டையைக் காட்டவும்,” என்றது ஒப்புதலி.

“கொண்டையை எவ சாத்துல போடுவா? குப்பையில போட்டேன். உன் தம்பி, அந்தக் குப்பை எந்திரன், அரைச்சுத் தள்ளிட்டான்.”

“சேவல் இல்லை. சோதனை இல்லை. மருந்து இல்லை.”

எழில்வேணி பூட்டை உடைக்கச் சுத்தியல் தேடுகையில், உள்ளிருந்து செவிலி கத்தினாள்: “டாக்டர், ரத்தம் நின்னுருச்சு!”

சேவலுக்குள் போன மருந்து, சேவலோடு சம்பூர்ணத்துக்குள் போயிருந்தது. எழில்வேணி இதைத் திரும்பத் திரும்ப விளக்கினாள். ஒப்புதலி பொறுமையாகக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னது: பூஞ்சைச் சாரம், நிரூபணம் இல்லை, தடை. மாமியார் வைத்த கோழிச்சாறு, பலன் கண்கூடு, அனுமதி.

இப்போது அங்கே பொற்கிளி பிரசவ இல்லம் நடக்கிறது. வாசலில் கூட்டம். “ஊசி மருந்தெல்லாம் உடம்புக்குச் சூடு. இது இயற்கை, ஒண்ணும் பண்ணாது,” என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்கிறார்கள். எழில்வேணிக்கும் அங்கேயே வேலை கிடைத்தது: யாரும் பார்க்காதபோது சேவலுக்கு ஊசி போடுவது, பார்க்கும்போது மிளகு தட்டுவது.

நல்லவேளை, கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யவில்லை: செவ்வாயில் இதுவரை ஒரு குழந்தையும் பிறந்ததில்லை.