வாசலோரப் பெட்டி

பெட்டிக்கு ஒயரே கிடையாது என்பதை முதலில் கவனித்தவள் தமிழ்மதிதான். மண்ணரை என்கிற அந்தப் பகுதியில் அவள் வீட்டு கேட்டை ஒட்டி, ஆள் உயரத்தில், சாம்பல் நிறத்தில் நின்றது. இன்டர்நெட் பெட்டி என்றார்கள். யார் வந்து எப்போது நட்டார்கள் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். அடியில் குழி தோண்டிய மண் இல்லை, கம்பத்திலிருந்து ஒரு கம்பிகூட இறங்கவில்லை. முன்பக்கம் மட்டும் காற்றுப் போக, விரல் நுழையாத சன்னமான கீற்றுகள் வரிசையாக இருந்தன.

"இன்னும் கனெக்‌ஷன் குடுக்கலையாட்ட இருக்குது. நீ ஏன் அதையே மொறைச்சுக்கிட்டு நிக்கற அம்மணி?" என்று அவள் கணவன் செல்வக்குமார் சிரித்தான்.

அவன் பனியன் கம்பெனியில் டெய்லர். தையல் பழகிய காலத்தில் ஊசி இறங்கிய இடது கட்டைவிரல் நகம் கறுத்து, நடுவில் பிளந்திருக்கும். தினமும் காலையில் கேட்டருகே அந்த விரலால் அவள் கன்னத்தைத் தட்டி, "வர்றேன் அம்மணி" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான்.

வாரமெல்லாம் நிட்டிங் மிஷின்கள் தடதடக்கும் தெரு அது. ஞாயிற்றுக்கிழமை அவை நின்றால் காதடைத்த மாதிரி ஓர் அமைதி இறங்கும். அந்த அமைதியில், மத்தியான வெயிலில், சாயத்தண்ணீர் வாடை அடித்த காற்றில் அவளுக்கு அது கேட்டது. பெட்டிக்குள் மெல்லிய முனகல். கொஞ்ச நேரம் முனகிவிட்டு, யாரோ பேச வாயெடுப்பது போல ஒரு செருமல்.

எதிர்வீட்டு ஆறுமுகசாமி அன்று சாயங்காலம் தெருக்காரர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"நம்ம ஊட்டு வாசல்ல நம்மளக் கேக்காம வெப்பாங்களா? ஒரு ஆம்புலன்ஸ் திரும்ப முடியுமாங்க? கார்ப்பரேசன் ஆபீசுல கேட்டா கம்பெனியக் கேளுங்கறாங்க. எந்தக் கம்பெனிங்க? இதுல ஒரு பேருகூட இல்லியே!"

எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் கலையும்போது அவர் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, பழக்கதோஷத்தில், "சரி, வர்றனுங்க" என்றார். பெட்டியிடம் விடைபெறுகிறாரே என்று தெருவே சிரித்தது. கிளம்பும்போது போகிறேன் என்று யார்தான் சொல்வார்கள்? வருகிறேன் என்பதுதானே வழக்கம். ஆனால் அவர் அதைச் சொன்னதும் முனகல் சட்டென்று நின்றதைத் தமிழ்மதி கவனித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஆறுமுகசாமி வேறு ஆளாக இருந்தார். "அது பாட்டுக்கு இருக்கட்டுங்க. நல்லதுக்குத்தானுங்க" என்று அடங்கின குரலில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கம்பெனிக்காரன் அவர் வாயை அடைத்துவிட்டான் என்று தெரு பேசியது. தமிழ்மதியும் அப்படித்தான் நினைத்தாள். பெரிய மனுஷன் இவ்வளவு சுலபத்தில் விலை போவாரா என்று வயிறு எரிந்தது.

அடுத்தது பக்கத்து வீட்டுச் செல்லத்தாய். பிழைக்க வந்து பத்து வருஷமாகியும் திருநெல்வேலிப் பேச்சு மாறாதவள். அவள் பெட்டியின் முன்னால் நின்று, "ஒன்ன இடிச்சுத் தள்ள நாளைக்கு ஆளோட வாரேன், இருந்து பாரு!" என்று கையை நீட்டிக் கத்தினாள்.

மறுநாள் அவளிடம் எத்தனை மணிக்கு ஆள் வருகிறது என்று தமிழ்மதி கேட்டாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுங்க" என்றாள் செல்லத்தாய். "நல்லதுக்குத்தானுங்க."

அதே குரல். அதே அடக்கம். இந்த 'ங்க' அவள் வாயில் எப்போது ஏறியது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிஷின்கள் நின்றதும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பொம்பளையின் விசும்பல் தெளிவாகக் கேட்டது. "ஏட்டி தமிழு... தொறந்து விடுட்டி..." அதற்கும் உள்ளே, வெகு ஆழத்தில், ஓர் ஆண்குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. "ரைட்... ரைட்... போலாம் ரைட்..."

அவளுக்கு அப்போது புரிந்துவிட்டது. இரண்டு பேரும் அதனிடம் வருகிறேன் என்று சொன்னார்கள். அது நம்பிக் காத்திருந்து கூப்பிட்டுக்கொண்டது. செல்வக்குமாரும் தினமும் சொல்கிறான், அதே கேட்டில் நின்று. ஆனால் அவளைப் பார்த்துச் சொல்கிறான், பெட்டியைப் பார்த்து அல்ல. இதுவரைக்கும்.

திங்கட்கிழமை காலையில் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏனுங்க, இன்னிக்கு வர்றேன்னு சொல்லாதீங்க. போறேன்னு சொல்லிட்டுப் போங்க."

அவன் முகம் மாறிவிட்டது. "எந்தப் பொண்டாட்டியாச்சும் புருசனப் பாத்து அப்படிச் சொல்லச் சொல்லுவாளா? அபசகுனமா என்ன பேச்சு அம்மணி இது?"

"உங்க காலப் புடிச்சுக் கேக்கறனுங்க."

அவள் நிஜமாகவே அழுவதைப் பார்த்ததும் அவன் கோபம் இறங்கிற்று. எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று நினைத்தான் போல. பெட்டி பக்கம் திரும்பி, துண்டைக் கக்கத்தில் இடுக்குகிற மாதிரி குனிந்து கும்பிட்டு, "ஏனுங்க சாமி, அப்ப நான் வர்றனுங்க!" என்றான்.

முனகல் நின்றது. அவன் வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது.

அன்று மாதாந்திரக் கரண்ட் ஷட்டவுன். மத்தியானத்தோடு கம்பெனியை விட்டுவிட்டார்கள். ஃபேன் இல்லை, மிஷின் இல்லை, தெருவில் இலை அசையும் சத்தம்கூட இல்லை. செல்வக்குமார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். வண்டிச் சத்தம் கேட்கவில்லையே என்று அவள் நினைத்தாள். கேட்கப் பயமாக இருந்தது. காபி போட்டுக் கொடுத்தாள்.

"பெட்டி..." என்று ஆரம்பித்தாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுங்க."

டம்ளரைப் பிடித்திருந்த இடது கையைப் பார்த்தாள். கட்டைவிரல். நகம் வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. கறுப்பில்லை. பிளவில்லை.

அவள் பின்னுக்கு நகர்ந்தாள். கதவு. படி. வெயில்.

"அம்மணி."

வெளியிலிருந்து.

"அம்மணி... இருட்டா இருக்குது அம்மணி..."

கேட்டுக்கு ஓடினாள். பெட்டியின் கீற்று ஒன்றில், உள்ளிருந்து அழுத்தியபடி, ஒரு நகம் தெரிந்தது. கறுத்தது. நடுவில் பிளந்தது. இரும்பைச் சுரண்டியது.

"அம்மணி!"

புருஷன் கூப்பிட்டால் பெண்டாட்டி என்ன சொல்வாள்? கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் ஆயிரம் தடவை சொன்னதுதான். யோசிக்கும் முன்னால் வாய் சொல்லிவிட்டது.

"இதோ வர்றனுங்க!"

முனகல் நின்றது.

இருட்டு. துருவாடை. பக்கத்தில் யாருடைய மூச்சோ. கறுத்த நகம் அவள் கன்னத்தைத் தேடித் தடவியது. முகத்துக்கு நேரே வெயில் சன்னமான கோடுகளாக விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கோடுகளுக்கு அப்பால், அவளுடைய சேலையைக் கட்டிக்கொண்டு, தமிழ்மதி கேட்டை மெதுவாகச் சாத்தினாள்.